ஜப்பானிய இரும்புக் கெட்டில்: மேனியில் இருக்கும் வேலைப்பாட்டுக்கு என்ன பொருள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலங்கட்டி போன்ற புள்ளிகள், ஐந்து இதழ்ப் பூ, தும்பி, ஆமை என்று ஜப்பானிய வார்ப்பிரும்புக் கெட்டில்களின் மேல் இருப்பவற்றைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கடைச் சீட்டில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் "அதிர்ஷ்டம்" என்று ஒரே சொல்தான் இருக்கும். அந்தச் சொல் போதாது. பக்கத்தில் எது நிற்கிறது, எத்தனை இருக்கிறது, எந்தப் பருவத்துக்கு உரியது என்பதைப் பொறுத்து ஒரே உருவத்தின் பொருள் மாறும். வார்ப்பு அச்சில் எப்படி வந்தது என்பதும் தெரிந்தால்தான் எது பொருளோடு செய்த வேலை, எது வெறும் அலங்காரம் என்று பிரித்துப் பார்க்க முடியும்.

தெட்சுபின், க்யூசு என்று இரண்டு பெயர் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. தெட்சுபின் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில். உள்ளே பூச்சு கிடையாது. சாம்பல் கலந்த கறுப்பில் மங்கலாக, தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். பெரும்பாலும் 0.8 லிட்டரிலிருந்து 1.5 லிட்டர் வரை பிடிக்கும். க்யூசு என்பது தேயிலையை ஊறவைக்கும் சின்னக் கெண்டி. உள்ளே எனாமல் பளபளக்கும், வடிகட்டி ஒன்றும் இருக்கும். இதை அடுப்பில் வைக்கக் கூடாது. சூட்டில் இரும்பும் எனாமலும் ஒரே அளவில் விரிவதில்லை. எனாமல் விரிசல் விட்டு உதிரும்.

வேலைப்பாட்டு மரபு தெட்சுபினுக்குச் சொந்தம். அதற்கும் மூத்தது தேநீர்ச் சடங்கில் பயன்படும், மூக்கும் கைப்பிடியும் இல்லாத சாகாமா என்ற கொதிகலம். க்யூசு இவற்றிடமிருந்து உருவங்களை வாங்கிக்கொண்டது. அதனால்தான் க்யூசுவில் உருவங்கள் பல சமயம் பருவம் பார்க்காமல், துணை உருவம் இல்லாமல் தனியாக நிற்கின்றன.

இவை எந்த ஊர் வேலை?

பெரும்பாலானவை வடகிழக்கு ஜப்பானின் இவாதே மாநிலத்தில், மொரியோகா நகரிலும், இப்போது ஓஷூ நகரின் பகுதியாக இருக்கும் மிசுசாவாவிலும் வார்க்கப்படுகின்றன. இரண்டுக்கும் சேர்த்து நம்பு தெக்கி, அதாவது நம்பு இரும்புப் பொருள் என்று பெயர். நம்பு என்பது மொரியோகாவை ஆண்ட பிரபுக் குடும்பம். அவர்கள் 1659-இல் கியோட்டோவிலிருந்து கோய்சுமி நிசாஎமோன் என்ற கொதிகல வார்ப்பாளரை வரவழைத்தார்கள். அவர் வழியில் மூன்றாம் தலைமுறைக்காரர் 18-ஆம் நூற்றாண்டில் சாகாமாவைச் சிறிதாக்கி, மூக்கும் கைப்பிடியும் வைத்தார். மொரியோகாவின் தெட்சுபின் அங்கிருந்து தொடங்குகிறது. மிசுசாவாவின் வார்ப்பு அதைவிடப் பழையது, 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேர்விட்டது. 1975-இல் ஜப்பான் அரசு நம்பு தெக்கியை மரபுக் கைவினையாக அறிவித்தது.

புள்ளி புள்ளியாக இருக்கிறதே, அதற்கு என்ன பொருள்?

அதன் பெயர் அராரே. நம் சொல்லில் ஆலங்கட்டி. எல்லோரும் முதலில் கேட்பதும், மிக அதிகமாகத் தவறான பதில் கிடைப்பதும் இந்தக் கேள்விக்குத்தான்.

அராரே ஒரு வாழ்த்துச் சின்னம் அல்ல. நீண்ட ஆயுள், செல்வம், குழந்தைப் பேறு என்று எதையும் அது குறிப்பதில்லை. குளிர்காலத்தில் சடசடவென்று விழும் ஆலங்கட்டியை நினைவூட்டும் ஒரு மேனி, அவ்வளவுதான். கியூஷூ தீவின் அஷியாவில் 14 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை வார்த்த சாகாமாக்களிலேயே இந்தப் புள்ளிகள் இருக்கின்றன. ஜப்பானில் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்ட 9 சாகாமாக்களில் 8 அஷியா வேலை என்பதிலிருந்து அந்த ஊரின் பெருமையைப் புரிந்துகொள்ளலாம்.

சின்னமாக இல்லாவிட்டாலும் அராரேக்கு மதிப்பு உண்டு. அது கையின் ஒழுங்கைக் காட்டும் மேனி. உடல் உருண்டையானது, மேலே போகப் போகச் சுற்றளவு குறையும். வரிசை கலையாமல் இருக்க வேண்டுமானால் புள்ளிகளும் மேலே போகப் போகச் சிறுக்க வேண்டும். தோளில் மிளகளவு இருந்தால் வாய் விளிம்பருகே கடுகளவுக்கு வர வேண்டும். நல்ல வேலையில் எந்த இடத்திலும் "இங்கே ஒரு வரிசையைச் செருகினார்கள்" என்று தெரியாது. புள்ளிகள் பெரிதாகத் துருத்தி நின்றால் ஓனி அராரே, அரக்க ஆலங்கட்டி என்பார்கள்.

"புள்ளிகள் இருப்பதால் சூடு அதிக நேரம் நிற்கும்" என்று சொல்லி விற்கிறார்கள். சூட்டைப் பிடித்து வைப்பது இரும்பின் கனம். புள்ளி வைத்தால் மேற்பரப்பு கூடும். மேற்பரப்பு கூடினால் சூடு வெளியேறத்தான் வழி அதிகம். அந்தக் காரணத்துக்காக அராரே வாங்க வேண்டாம். அழகாக இருக்கிறது என்று வாங்குங்கள்.

அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக ஒட்டுகிறார்களா?

ஒட்டுவதில்லை. அச்சின் உட்பக்கத்தில் குழியாகக் குத்துகிறார்கள். வார்த்தபின் அது மேடாக வருகிறது.

சுட்ட மண் வளையத்துக்குள் மணலும் களிமண் கரைசலும் கலந்து பூசுவார்கள், முதலில் பருமணல், மேலே போகப் போக நுண்மணல். கெட்டிலின் பாதிக் குறுக்குவெட்டு வடிவில் வெட்டிய தகட்டை நடுவே நிற்கும் தண்டில் மாட்டிச் சுழற்றினால் மணலில் கெட்டிலின் வெளிவடிவம் குழிவாக உருவாகும். மணல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, முனை உருண்ட கோலால் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். ஒரு கெட்டிலுக்கு ஆயிரக்கணக்கில் புள்ளிகள் வரும். ஈரம் அதிகமானால் மணல் கோலோடு ஒட்டிக்கொண்டு வரும். காய்ந்துவிட்டால் விளிம்பு பொடியும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும்.

பூவும் பறவையும் இதே வழிதான், ஆனால் சின்னக் கரண்டி போன்ற கருவியால் மணலில் அழுத்தி வரைவார்கள். அச்சில் எல்லாம் இடவலமாகத் திரும்பியிருக்கும். எழுத்து பொறிப்பதானால் கண்ணாடியில் தெரிவதுபோல எழுத வேண்டும்.

பிறகு அச்சைச் சுட்டு, நடுவே மணல் கருவை, அதாவது கெட்டிலின் உள்வெற்றிடத்துக்கான மணல் உருவை வைத்து, ஏறத்தாழ 1,300 முதல் 1,500 செல்சியஸ் வரை சூடான இரும்பை ஊற்றுவார்கள். இங்கே என்னென்ன கெடும் என்பதைத் தெரிந்துகொண்டால் கடையில் கெட்டிலைப் பார்க்கும் கண்ணே வேறாகும். இரும்பு சற்று ஆறிப்போயிருந்தால் குழியின் முனைவரை ஓடாது, புள்ளிகள் தலை தட்டையாக வரும். அச்சு முழுதாகக் காயாவிட்டால் நீராவி வெளியேற வழி தேடி ஊசித் துளைகளை விட்டுப் போகும். மணல் பொடிந்தால் இரண்டு மூன்று புள்ளிகள் ஒன்றாகி ஒரு கட்டியாகும். கரு நகர்ந்தால் ஒரு பக்கம் மெல்லிதாகி, அந்த இடம் பிற்பாடு கசியலாம்.

கீழ்ப்பாதியில் ஏன் வேலைப்பாடு இல்லை?

அது பழைய உபயோகத்தின் தடம். கரி அடுப்பில் கெட்டிலின் அடிப்பாகம் உள்ளே இறங்கி நிற்கும். அங்கே எதைப் பொறித்தாலும் கண்ணுக்குத் தெரியாது, கரிதான் படியும். இடுப்புக்கு மேலேதான் பார்வை.

ஐந்து இதழ்ப் பூ இருக்கிறது. அது செர்ரியா, பிளம்மா?

இதழின் நுனியைப் பாருங்கள். நுனியில் சிறிய வெட்டு இருந்தால் சகுரா, செர்ரிப் பூ. இதழ் வட்டமாக, வெட்டில்லாமல் இருந்தால் ஊமே. ஊமேயைப் பிளம் என்று அழைத்தாலும் அது ஏப்ரிகாட்டுக்கு நெருங்கிய இனம்.

இரண்டையும் மாற்றிச் சொன்னால் பொருள் தலைகீழாகும். ஊமே பனி இன்னும் விலகாதபோதே, இலை தளிர்க்கும் முன்னே பூக்கும். அதனால் அது பொறுமைக்கும், கடுங்காலத்தைத் தாண்டி வருவதற்கும் அடையாளம். சகுரா ஒரே வாரத்தில் மலர்ந்து, உதிரும்போதும் அழகாக உதிரும். நிலையாமை, இந்தக் கணத்தின் அழகு, புது ஆண்டின் தொடக்கம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஜப்பானில் பள்ளியும் அலுவலக ஆண்டும் ஏப்ரலில், அந்தப் பூ பூக்கும் நாட்களில்தான் தொடங்குகின்றன. ஒன்று தாக்குப்பிடிப்பதைப் பேசுகிறது, மற்றது கைவிட்டுப் போவதை.

கெட்டிலில் ஊமேதான் அதிகம் கண்ணில் படும். மூடியின் குமிழ் பல சமயம் ஊமே மொட்டாகவோ பூவாகவோ இருக்கும்.

பைன், மூங்கில், ஊமே மூன்றும் ஒன்றாக இருந்தால்?

அது ஷோச்சிக்குபாய். சீனத்தில் "குளிர்காலத்தின் மூன்று நண்பர்கள்" என்று தொடங்கியது. பைன் பனியிலும் பச்சை மாறாது, மூங்கில் வளையும் ஆனால் முறியாது, ஊமே குளிரிலேயே பூக்கும். அங்கே அது கற்றவனின் நேர்மைக்கு அடையாளம். ஜப்பானுக்கு வந்தபின் புத்தாண்டு, திருமணம் போன்ற மங்கல நிகழ்ச்சிகளின் குறியாக மாறிவிட்டது. தனித்தனியாக நின்றால் மூன்றும் மூன்று குணங்கள், சேர்ந்து நின்றால் ஒரே வாழ்த்து. இன்று சில ஜப்பானிய உணவகங்களின் பட்டியலில் விலை வரிசைக்குக்கூடப் பைன், மூங்கில், ஊமே என்று பெயர் வைக்கிறார்கள், பைன்தான் உயர்ந்தது.

பைனைப் பற்றி இன்னொன்றும் உண்டு. கொதிகலத்தில் நீர் கொதிக்கத் தொடங்கும்போது எழும் மெல்லிய ஓசையை மாட்சுகாசே, பைன் மரத்தினூடே வீசும் காற்று என்கிறார்கள். அந்த ஓசைக்காகவே அடியின் உட்புறத்தில் சின்ன இரும்புத் துண்டுகளைப் பதித்த கலங்களும் உண்டு. பைன் கிளை பொறித்த கெட்டில் கொதிக்கும்போது, படமும் ஓசையும் ஒரே மரத்தைச் சொல்கின்றன. இந்தக் கலையிலேயே இதைவிட நயமான ஒரு பொருத்தம் கிடையாது.

ஆமை வீட்டுக்கு ஆகாது என்பார்களே, ஆமை உள்ள கெட்டிலை வாங்கலாமா?

"ஆமை புகுந்த வீடு" பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தயக்கம் வருவது இயல்பு. ஜப்பானில் கதையே வேறு. "நாரைக்கு ஆயிரம் ஆண்டு, ஆமைக்குப் பத்தாயிரம் ஆண்டு" என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சொல். நாரையும் ஆமையும் சேர்ந்து நின்றால் நீண்ட ஆயுளுக்கான வாழ்த்து. நாரை இணை பிரியாதது என்பதால் திருமணத்துக்கும் பொருந்தும். ஆமையின் பின்னால் வால்போல நீண்ட கற்றைகள் தெரிந்தால் அது தவறான வார்ப்பு அல்ல. வயது முதிர்ந்து முதுகில் பாசி வளர்ந்த ஆமை அது, மினோகாமே என்று பெயர்.

ஆமை முழு உருவமாக இல்லாமல், அறுகோணக் கட்டங்களாகவும் வரும். அதற்குக் கிக்கோ, ஆமை ஓடு என்று பெயர். பொருள் அதே நீண்ட ஆயுள்தான். மூன்று அறுகோணங்கள் ஒன்றாக ஒட்டியதுபோல வரும் வகைக்கு பிஷமொன் கிக்கோ என்று பெயர்; பிஷமொன்தென் என்ற காவல் தெய்வத்தின் கவசத்தில் அந்தக் கட்டம் இருக்கும். நம் குபேரன்தான் பௌத்தத்தோடு அங்கே போய் பிஷமொன்தென் ஆனார்.

தும்பிக்கு என்ன சிறப்பு?

தும்பி முன்னோக்கியே பறக்கும், பின்வாங்காது என்று சாமுராய்கள் கொண்டாடினார்கள். அதற்குக் காச்சிமுஷி, வெற்றிப் பூச்சி என்றே பெயர். தலைக்கவசத்திலும் வாள் அணிகளிலும் அது உண்டு. ஜப்பானின் பழைய பெயர்களில் ஒன்றான அகிட்சுஷிமாவுக்கும் தும்பித் தீவு என்றுதான் பொருள். யூர்யாகு பேரரசரின் கையைக் கடித்த பூச்சியை ஒரு தும்பி கவ்விக்கொண்டு போனதாகப் பண்டைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

தேர்வு எழுதப் போகிறவருக்கோ தொழில் தொடங்குபவருக்கோ பரிசாகக் கொடுக்க ஏற்றது.

குதிரை உருவம் ஏன் நம்பு கெட்டில்களில் இவ்வளவு வருகிறது?

அது ஊர்ப் பெருமை. நம்பு நாடு குதிரை வளர்ப்புக்குப் பேர்போனது. ஜூன் மாதம் மொரியோகா பக்கத்தில் குதிரைகளுக்கு வண்ணத் துணியும் மணியும் கட்டி ஊர்வலம் விடும் சாகுசாகு உமாக்கோ விழா இன்றும் நடக்கிறது; உழைத்த குதிரைக்கு நன்றி சொல்லும் விழா அது. மாட்டுப் பொங்கல் கொண்டாடுபவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கெட்டிலில் குதிரைகள் பெரும்பாலும் பாய்ந்து ஓடும் நிலையில், மெல்லிய மேடாக இருக்கும்.

டிராகன் நெருப்புக் கக்கும் மிருகம்தானே? கெட்டிலில் அதனால்தான் வைத்தார்களா?

கிழக்காசியாவின் டிராகன் நீருக்கு உரியது. மழை, ஆறு, கடல் எல்லாம் அதன் ஆட்சி. நெருப்பின்மேல் உட்காரும் நீர்க்கலத்துக்கு நீரின் காவலனை வைப்பது பொருத்தம். சீனப் பேரரசரின் டிராகனுக்கு ஐந்து நகம். ஜப்பானியக் கலையில் வழக்கமாக மூன்று.

கெண்டை மீன் இதற்கு உறவு. மஞ்சள் ஆற்றின் டிராகன் வாயில் அருவியை எதிர்நீச்சலிட்டு ஏறிய கெண்டை டிராகன் ஆகும் என்பது சீனக் கதை. மே 5-ஆம் தேதி குழந்தைகள் நாளில் துணிக் கெண்டைகளைக் கம்பத்தில் பறக்க விடுவது அதனால்தான். மீன் மேல்நோக்கித் துள்ளினால்தான் இந்தப் பொருள். குளத்தில் வளையும் மீனுக்கு அந்த விடாமுயற்சிப் பொருளைக் கட்டாயமாக ஏற்ற வேண்டாம்.

கோடும் கட்டமுமாக வரும் வடிவங்கள்?

அடுக்கடுக்கான அரைவட்டங்கள் செய்காய்ஹா, நீலக்கடல் அலை. அரசவை நடனம் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. அலை ஓயாமல் வருவதுபோல அமைதியான நாட்கள் தொடர்ந்து வரட்டும் என்பது வாழ்த்து. ஆறு முனை நட்சத்திரம்போல விரிவது அசானோஹா, சணல் இலை. அந்தச் செடி சில மாதங்களில் ஆள் உயரத்தைத் தாண்டி நேராக வளரும். அதனால் குழந்தைகளின் உடுப்பில் அசானோஹா போடுவார்கள், குழந்தை பிறந்த வீட்டுக்குப் பரிசாகவும் தருவார்கள். கெட்டிலைச் சுற்றிக் கிடைமட்டமாக ஓடும் மெல்லிய வரிகள் இதோமே, நூல்வரி. அதற்குக் குறியீட்டுப் பொருள் ஏதும் இல்லை.

ஆந்தை, சுரைக்காய் எல்லாம் எப்படி மங்கலம் ஆயின?

ஒலிச் சிலேடையால். ஆந்தை ஜப்பானிய மொழியில் ஃபுகுரோ. அதே ஒலியை "துன்பமில்லாமல்" என்று பொருள்தரும் எழுத்துகளாலும் எழுதலாம். நம் ஊரில் ஆந்தை அலறினால் கெட்ட சகுனம். அங்கே அது வீட்டு முகப்பிலேயே உட்கார்ந்திருக்கும். சுரைக்குடுக்கை ஆறு இருந்தால் முபியோ, அதாவது ஆறு சுரை. "நோயின்மை" என்ற சொல்லும் முபியோதான். ஆகவே சுரைக்குடுக்கைகளை எண்ணிப் பாருங்கள். ஐந்து இருந்தால் அந்தச் சிலேடை இல்லை.

பதினாறு இதழ்ச் செவ்வந்தி இருந்தால் அரண்மனைக் கெட்டிலா?

இல்லை. பேரரசரின் முத்திரையில் முன்னே 16 இதழ், அவற்றின் இடைவெளியில் பின் அடுக்கின் நுனிகள் தெரியும். அதன் உபயோகத்தை 1869 முதல் அரசு கட்டுப்படுத்தியது. அலங்காரச் செவ்வந்தி வேறு. ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் செவ்வந்தித் திருநாள், அதோடு சேர்ந்த நீண்ட ஆயுள், இலையுதிர் காலம் ஆகியவையே அதன் பொருள்.

கைப்பிடி மாட்டும் காதுகளில் பயங்கரமான முகம் இருக்கிறது. அது என்ன?

அந்தக் காதுகளுக்குக் கான்ட்சுகி என்று பெயர். அரக்க முகம் அங்கே காவலுக்கு இருக்கிறது. கோயில் வாசலில் துவாரபாலகர் கோரைப் பல்லோடு நிற்பதுபோல என்று எடுத்துக்கொள்ளலாம். தீயதை விரட்டும் முகம், அச்சுறுத்துவது அதன் வேலை. பைன் காய், தொலைமலை போன்ற வடிவங்களும் காதுகளில் வரும்.

கைப்பிடியையும் கவனியுங்கள். உயர்ந்த வேலையில் தகட்டை உருட்டி உள்ளே வெற்றிடமாக அடித்த கைப்பிடி இருக்கும். அது எளிதில் சூடேறாது. இதைச் செய்வது வார்ப்பாளர் அல்ல, தனிக் கொல்லர்.

வேலைப்பாடே இல்லாத வெறும் மேனி மலிவானதா?

பல சமயம் அதற்கு எதிர்மாறு. புள்ளியும் பூவும் சின்னக் குறைகளை மறைக்கும். வெறும் மேனியில் எதையும் மறைக்க முடியாது. அச்சின் உட்பக்கத்தில் களிமண் கரைசலைத் துணியால் தட்டித் தட்டிப் பாறை போன்ற சொரசொரப்பை உண்டாக்குவார்கள். தேநீர்ச் சடங்குக்காரர்கள் இதைத்தான் விரும்பித் தேடுவார்கள். இங்கே பொருளைச் சொல்வது வடிவம். மேலே குறுகி அடியில் அகன்றால் ஃபுஜி மலை, சற்று நீண்ட உருளையாக இருந்தால் நட்சுமே என்ற இலந்தைப்பழம்.

நீலம், சிவப்பு, தங்க நிறத்துக்குத் தனிப் பொருள் உண்டா?

மரபில் இல்லை. வண்ணக் க்யூசுகள் வெளிநாட்டுச் சந்தைக்காக வந்தவை. மரபு நிறம் கறுப்பும் செம்பழுப்பும்தான்: சூடான இரும்பில் உருஷி அரக்கைப் பூசிச் சுட்டு, அதன்மேல் ஓஹகுரோவைத் தூரிகையால் தடவுவார்கள். இரும்பை அமிலத்தில் ஊறவைத்துத் தேநீர் கலந்த கரைசல் அது. கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்புக் கரைசலும் சேர்ந்து கறுப்பு ஏறுவதும் இதே வேதியியல்தான்.

பரிசாகக் கொடுக்க எதைத் தேர்ந்தெடுக்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

திருமணத்துக்கு நாரையும் ஆமையும், அல்லது பைன், மூங்கில், ஊமே மூன்றும். அறுபது கடந்தவருக்குக் கிக்கோ, செவ்வந்தி. குழந்தை பிறந்த வீட்டுக்கு அசானோஹா. ஜப்பானியருக்குத் தருவதானால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். தாமரை நமக்கு மங்கலம். அங்கே அது பௌத்தத்தோடும் நீத்தார் சடங்கோடும் சேர்ந்தது, கொண்டாட்டத்துக்கு ஏற்காது. கமேலியாப் பூ முழுதாக ஒரே விழுகையில் உதிர்வதால், நோயுற்றவரைப் பார்க்கப் போகும்போது அதைக் கொண்டுபோக மாட்டார்கள். கிண்ணங்களும் சேர்த்துத் தந்தால் ஐந்தாக இருக்கட்டும். நான்கு என்ற எண்ணின் ஒலி சாவையும், ஒன்பதின் ஒலி துன்பத்தையும் நினைவூட்டும்.

பருவ உருவங்களைப் பருவத்துக்குச் சற்று முன்னால் எடுப்பதுதான் மரபு. சகுரா கெட்டிலைப் பூ மலரும் முன் எடுப்பார்கள். உதிர்ந்தபின் எடுத்தால் தாமதம். மேப்பிள் இலையும் ஓடும் நீரும் இலையுதிர் காலத்துக்கு.

கையால் பொறித்ததா, தொழிற்சாலை வேலையா என்று எப்படி அறிவது?

சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். கையால் குத்திய புள்ளிகள் ஒழுங்காக இருந்தாலும் ஒவ்வொன்றின் உயரத்திலும் துளி வேறுபாடு இருக்கும். உலோக மாதிரியை ஈரமணலில் பதித்து வார்ப்பதில் எல்லாம் ஒரே அச்சு. ஓரங்களும் சற்று மழுங்கியிருக்கும். விலையும் சொல்லிவிடும்; கைவேலை தெட்சுபின் பல மடங்கு விலை. தொழிற்சாலை வேலை தாழ்ந்தது என்று பொருள் இல்லை, அன்றாடத்துக்கு அது போதும். கைவேலை என்று சொல்லி அதை விற்பதுதான் தவறு.

கியோட்டோவின் ரியூபுந்தோ பட்டறைப் பெயரில் வரும் பழைய கெட்டில்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அவை மெழுகு வார்ப்பு. மலை, நீர், மரம் என முழுக் காட்சியே மேனியில் எழுந்து நிற்கும், மூடி செம்புக் கலவையில் இருக்கும், பெயர் மூடியின் அடியில் இருக்கும். பெயரைப் போட்ட போலிகள் நிறைய. மூடி மட்டும் பழையது, உடல் புதியது என்பதும் நடக்கும்.

புள்ளிகளுக்கு இடையே துரு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? தோசைக்கல்போல எண்ணெய் தடவலாமா?

எண்ணெய் வேண்டாம். தோசைக்கல்லுக்கு எண்ணெய் உயிர். கெட்டிலில் அது புள்ளி இடுக்கில் தங்கிப் பிசுக்காகும், உள்ளே போனால் தண்ணீரில் சிக்கு வாடை ஏறும். சோப்பு, கம்பி நார் இரண்டும் கூடாது. தெட்சுபினின் உட்புறத்தைக் காப்பது கானகெடோமே: வார்த்த கெட்டிலைக் கரி நெருப்பில் 800 முதல் 1,000 செல்சியஸ் வரை ஏறத்தாழ அரை மணி நேரம் சுட்டு உண்டாக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். தேய்த்தால் அது போய்விடும்.

வெளிப்புறத்துக்குச் சூடு இருக்கும்போதே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். எப்போதாவது தேநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மெல்லத் துடைத்தால் நாளடைவில் மேனியில் ஆழ்ந்த மினுக்கு ஏறும். பூவிதழின் மேடுகளில் அது முதலில் தெரியும்.

புதுத் தெட்சுபினில் முக்கால் பங்குக்குச் சற்று மேலாக நீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். நீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் நீரை முழுவதும் ஊற்றிவிட்டு மூடியைத் திறந்து வையுங்கள், மிச்சச் சூட்டிலேயே காயும். காயாவிட்டால் சிறு தீயில் ஒரு நிமிடம் போதும், அதற்குமேல் வெறுங்கெட்டிலை அடுப்பில் விடாதீர்கள். சூடான வெறுங்கெட்டிலில் குளிர்ந்த நீர் ஊற்றினால் வெடித்துவிடக் கூடும்.

க்யூசுவில் எனாமல் இல்லாத இடங்கள் மூடி விளிம்பும் வாய் விளிம்பும். துரு அங்கேதான் தொடங்கும். கழுவியதும் அந்த இரண்டையும் துடைத்துவிடுங்கள். எனாமல் பூசிய க்யூசுவிலிருந்து இரும்புச் சத்து நீரில் இறங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அது தெட்சுபினின் குணம்.

உள்ளே செம்புள்ளிகள் தெரிகின்றன. கெட்டுவிட்டதா?

நீரைக் கொதிக்கவைத்து வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள். நீர் தெளிவாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். சிவந்திருந்தால் மட்டும், பச்சைத் தேயிலையைத் துணி முடிச்சாகக் கட்டி உள்ளே போட்டு, முக்கால் கெட்டில் நீரில் சிறு தீயில் 20 முதல் 30 நிமிடம் கொதிக்கவிட்டு, அப்படியே ஆறவிட்டுக் கொட்டுங்கள். தேயிலையின் டானின் துருவோடு சேர்ந்து கறுப்புப் படலமாகப் படியும். நீர் தெளியும்வரை இன்னும் ஓரிரு முறை செய்யலாம்.

வெள்ளைப் படலம் தெரிந்தால் அது நீரிலுள்ள சுண்ணம். மெல்லிய படலம் துருவைத் தடுக்கும் நண்பன், சுரண்டாதீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீர்போல உப்பு மிகுந்த நீரானால் அது தடித்துச் செதில் செதிலாக உதிரும். அங்கே குடிப்பதற்கென்று வைத்திருக்கும் மென்னீரையே ஊற்றுவது நல்லது.

இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கலாமா?

அடி தட்டையாகவும் அடுப்பு உணரும் அளவுக்கு அகலமாகவும் இருந்தால் தெட்சுபினை வைக்கலாம். பெட்டியில் அதற்கான குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த சக்தியில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். முழு வேகத்தில் வைத்தால் அடி மட்டும் சட்டென்று சூடேறி விரிசல் விடலாம். அடியில் மூன்று கால்கள் இருக்கும் கெட்டில் இண்டக்‌ஷனுக்கு ஆகாது, எரிவாயு அடுப்பில் சிறு தீ போதும். தீ நாக்கு பக்கவாட்டில் ஏறினால் இடுப்புக்கு மேலே இருக்கும் அரக்குப் பூச்சு கருகி, வேலைப்பாட்டின் நிறம் திட்டுத் திட்டாகும்.